காலிப் பையோடு மேலே வராதே

அன்புள்ள தம்பிக்கு,

குகைகளுக்குள் இறங்கும் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாயாம். ஹெல்மெட், தலைவிளக்கு, கயிறு எல்லாம் வாங்கியாயிற்று என்று அம்மா சொன்னார். பட்டியலில் விட்டுப்போன ஒரு சாமான் இருக்கிறது: கிழியாத, தடித்த பை ஒன்று. குப்பை அள்ளத்தான்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் குகைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ‘பிக் ரூம்’ என்ற பெருங்கூடத்தில் 2024-இல் யாரோ ஒருவர் சீட்டோஸ் பாக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நம் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்குகிற நொறுக்குத்தீனி மாதிரிதான் அதுவும். ஈரக்காற்றில் அது நமுத்தது. பூஞ்சை பிடித்தது. குகைப் பாச்சை, சிற்றுண்ணி, சிலந்தி, ஈ என்று ஒரு கூட்டமே விருந்துக்கு வந்துவிட்டது. அவை தின்று சுமந்த சத்து சுற்றியிருந்த பாறைகளிலும் பரவ, பூஞ்சையும் பின்னாலேயே போனது. பூங்காக் காவலர்கள் 20 நிமிடம் செலவிட்டு அதையெல்லாம் துடைத்தெடுத்தார்கள். போட்டவருக்கு அது அற்ப விஷயம். குகையின் உயிர்களுக்கோ உலகமே மாறிப்போகிற சங்கதி என்று பூங்கா நிர்வாகம் பிறகு எழுதியது. இத்தனைக்கும் அந்தக் குகைக்குள் வெறும் தண்ணீரைத் தவிர எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது என்பது விதி.

ஒரு பாக்கெட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். குகையின் கணக்கு வேறு. வெளிச்சம் இல்லாததால் உள்ளே செடி கிடையாது. செடி இல்லாததால் உணவும் அரிது. பட்டினிக்குப் பழகிய உயிர்கள் மட்டுமே அங்கே நிலைத்திருக்கின்றன. திடீரென்று விருந்து வைத்தால், வெளியிலிருந்து வந்த பூஞ்சையும் நுண்ணுயிரும்தான் கொழுக்கும். கார்ல்ஸ்பாடில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸ். வெயில் வந்து பிளாஸ்டிக்கை நொறுக்காது, காக்கை வந்து கொத்திப் போகாது. போட்டது போட்ட இடத்தில் கிடக்கும்.

அதே குகையில், யாரும் வேண்டுமென்று போடாத குப்பையும் உண்டு. நாள்தோறும் ஏராளமானோர் வந்துபோகிற இடம். ஆடையிலிருந்து உதிரும் நூல்துகள், தலைமுடி, தோல் செதில் எல்லாம் நடைபாதையோரச் சுண்ணாம்புப் படிவங்களில் சாம்பல் நிறப் படலமாகப் படிகின்றன. தன்னார்வலர்கள் முகாம் போட்டு, சின்னப் பிரஷ்ஷும் இடுக்கியுமாகக் குந்தியிருந்து இதை எடுக்கிறார்கள். குகைக்காரர்களின் உண்மையான சாகசம் இதுதான் என்பது என் கட்சி. கயிற்றில் தொங்குவதை யாரும் படம் எடுப்பார்கள். இதை யாரும் எடுப்பதில்லை.

கார்ல்ஸ்பாட் பூங்காவுக்குள்ளேயே லெச்சுகியா என்றொரு குகை இருக்கிறது. 1986-இல் இடிபாடுகளைத் தோண்டி வழி கண்டார்கள். இதுவரை 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள். ஆய்வுக் குழுக்களுக்கு மட்டுமே அனுமதி. நாள்கணக்கில் உள்ளே தங்குகிறவர்கள் ரொட்டித் துணுக்குகூடக் கீழே விழாதபடி, பையை மடியில் விரித்துத் தின்கிறார்கள். மலத்தையும் கட்டிச் சுமந்து மேலே கொண்டுவருகிறார்கள். முகம் சுளிக்காதே, காரணம் இருக்கிறது. 40 லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பற்றிருந்த பகுதியிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள், இன்று டாக்டர்கள் எழுதித்தருகிற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றை எதிர்த்து நின்றதாக 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. மனிதக் கழிவு கலந்திருந்தால் அந்த முடிவை யார் நம்புவார்கள்?

ஊரே சேர்ந்து கெடுத்த குகைகளும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹார்ஸ் கேவ் என்கிற ஊருக்கு அடியில் ஓடுகிறது ஹிடன் ரிவர் குகை. ஊருக்குக் குடிநீர் தந்ததும் அதுதான், சுற்றுலாப் பணம் தந்ததும் அதுதான். வீட்டுச் சாக்கடையும் தொழிற்கூடக் கழிவும் நிலத்தடியில் இறங்கி அதில் போய்ச் சேர்ந்தன. நாற்றம் தாங்காமல் 1943-இல் மூடிவிட்டார்கள். சுமார் ஐம்பது ஆண்டுகள், ஊர் நடுவில் ஒரு நாறும் பள்ளம்! 1989-இல் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு வந்தது. 1993-இல் குகை மறுபடி திறந்தது. கண்ணில்லாத குகை மீன்கள் திரும்பி வந்தன.

நம் பக்கத்து மாநிலத்துப் பெலும் குகைக்கும் அப்படியொரு காலம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் குப்பை கொட்ட வசதியான பள்ளம் என்றுதான் நெடுங்காலம் அதை நினைத்தார்கள். 1980-களில் ஜெர்மானியக் குழு ஒன்று வந்து அளந்த பிறகு, உள்ளூர்க்காரர்களும் சில போலீஸ் அதிகாரிகளும் முனைந்து நிற்க, 2002-இல் ஆந்திர சுற்றுலாத் துறை அதைத் திறந்தது.

இனி கைவேலை. மெல்லிய பாலிதீன் பை வேண்டாம். குறுகலான சந்தில் நுழைவதற்குள் கந்தலாகிவிடும். உடைந்த கண்ணாடியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடு. பழைய பாட்டரி ஒழுகியிருக்கும், கையுறை இல்லாமல் தொடாதே. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் குவியல் கண்ணில் பட்டால், அது எல்இடிக்கு முந்தைய தலைமுறை கார்பைடு விளக்கிலிருந்து தட்டிக் கொட்டிய கசடாக இருக்கலாம், அதுவும் மூட்டைக்குத்தான். படிவத்தில் அப்பிய சேற்றைக் கழுவ சோப்பு கூடாது. குழாய்த் தண்ணீரும் கூடாது, அதில் குளோரின் இருக்கும். குகைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ் பக்கமே போகாதே.

மட்கிய மரத்துண்டைத் தூக்குமுன் புரட்டிப் பார். அதற்குள் குடித்தனம் நடக்கலாம். பழைய தகர டப்பாவோ சுவரில் எழுதிய பெயரோ கண்ணில் பட்டால் அவசரப்படாதே. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 50 ஆண்டுகளைத் தாண்டிய பொருளை வரலாற்றுச் சான்றாக எண்ணி, விவரம் தெரிந்தவர்கள் பார்க்கும்வரை தொடுவதில்லை. கென்டக்கியின் மாமத் குகைக் கூரையில் 19-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் மெழுகுவர்த்திப் புகையால் எழுதிய பெயர்களை இன்று காட்சிப்பொருளாகவே காட்டுகிறார்கள். நேற்று ஸ்ப்ரே பெயின்டில் கிறுக்கிய இதயத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத குப்பை உன் பூட்ஸ் சேற்றில் இருக்கிறது. வௌவால்களின் மூக்கில் வெள்ளையாகப் படரும் ஒரு பூஞ்சை நோய் 2006-இல் நியூயார்க் மாநிலக் குகையொன்றில் முதலில் தென்பட்டது. பிறகு வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்கள் மடிந்தன. அதனால் ஒரு குகையின் சேற்றோடு இன்னொன்றுக்குள் நுழையாதே. உடை, கயிறு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகு போ. வௌவால்கள் குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் குகையில் துப்புரவு வேலையே வேண்டாம், சில மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்குமுன் குழுத்தலைவரிடம் ஒன்று கேட்டுவை: மேலே கொண்டுவந்த மூட்டை எங்கே போகும்? மலையடிவாரத்துக்குக் குப்பை வண்டி வராது. குகை வாசலில் குவித்துவிட்டு வந்தால் அடுத்த மழையில் அத்தனையும் உள்ளேதான் போகும். ஜீப்பில் இடம் ஒதுக்கச் சொல், பாட்டரியை மட்டும் தனியாகக் கட்டி ஊருக்கே எடுத்து வா.

அன்புடன்,
அண்ணன்