தவிடு கொலஸ்டிராலைக் குறைக்குமா?

சென்ற தை மாதம் ஒரு கிராமத்தில் பயறு சாகுபடிப் பயிற்சி முகாம் நடத்தினோம். ரகம், விதைநேர்த்தி எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில், அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர் தனியே வந்தார்.

"ஐயா, எனக்கு ரத்தத்தில் கொலஸ்டிரால் அதிகம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நார்ச்சத்து சாப்பிட்டால் தானாகவே குறையும் என்று பலரும் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதமாகக் கோதுமைத் தவிட்டைக் கஞ்சியில் கலந்து குடிக்கிறேன். இப்போது பரிசோதித்தால் முன்பைவிடக் கூடியிருக்கிறது. தவிட்டில் நார் இல்லையா?"

தவிட்டில் நார் உண்டு, ஏராளமாகவே உண்டு. ஆனால் இந்த வேலைக்கு உரிய நார் அதுவல்ல.

நாரில் இரு வகை

நாம் உண்ணும் நாரில் நீரில் கரையாதது, கரைவது என்று இரு வகை உண்டு. கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு, தானியங்களின் மேல்தோல் ஆகியவற்றில் பெரும்பகுதி கரையாத நார். அது நீரை உறிஞ்சி மலத்தை இளக்கும், மலச்சிக்கலைப் போக்கும். கொலஸ்டிராலை மட்டும் அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. அரிசித் தவிட்டு எண்ணெய் கொலஸ்டிராலைக் குறைப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பலன் எண்ணெயில் உள்ள பொருள்களால் கிடைப்பது. தவிட்டின் நாரால் அல்ல. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள்.

வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தம்ளர் நீரில் ஒரு கரண்டி வெந்தயத்தையும், இன்னொன்றில் ஒரு கரண்டி கோதுமைத் தவிட்டையும் இரவு ஊற வையுங்கள். காலையில் தவிடு ஈரத் தவிடாகவே கிடக்கும். வெந்தயமோ உப்பி வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்புத்தான் கரையும் நார்.

அது செய்யும் வேலை இதுதான். கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. எண்ணெய், நெய்யைச் செரிக்க அவை குடலில் இறங்குகின்றன. வேலை முடிந்ததும் 100க்கு 95 பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே போய்விடுகின்றன. இறைத்த நீர் வாய்க்காலில் ஓடித் திரும்பவும் கிணற்றுக்கே ஊறி வருவது போல. வழவழப்பான நார் குடலில் இருந்தால், பித்த அமிலத்தில் ஒரு பகுதி அதில் சிக்கி வெளியேறிவிடும். குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது.

எதில், எவ்வளவு?

ஓட்ஸ், பார்லி, வெந்தயம், இசப்கோல் உமி, பயறு வகைகள், கொய்யா, ஆரஞ்சு ஆகியவற்றில் கரையும் நார் நல்ல அளவில் உண்டு. பார்லியில் ஒரு வசதி: நார் மணியின் உள்ளேயும் பரவியிருப்பதால் தீட்டினாலும் முழுதும் போய்விடாது. கொத்தவரைப் பிசின் முற்றிய விதையிலிருந்து எடுப்பது. நாம் பொரியல் செய்யும் பிஞ்சில் அது சொற்பம்.

பலன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 67 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வெளியான கணக்கின்படி, தினமும் 1 கிராம் கரையும் நார் கூடுதலாகச் சேர்த்தால், எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்டிரால் 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 2 மி.கி. குறைகிறது. 5 கிராம் சேர்த்தால் 10 மி.கி. அளவுக்கு எதிர்பார்க்கலாம். ஓட்ஸில் 3 கிராம் கரையும் நார் பெறவே ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1990 வாக்கில் வெந்தயத்தை ஆராய்ந்து நல்ல பலன் கண்டார்கள். அவர்கள் கொடுத்தது கசப்பு நீக்கிய வெந்தய மாவு, நாளொன்றுக்கு 100 கிராம். சாம்பாரில் தாளிக்கும் கால் கரண்டி வெந்தயத்திடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என்னைக் கேட்டால் நம் வீட்டுக்கு எளிதாக ஒத்து வருவது பயறுதான். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட முடிவில், வேக வைத்த பயறு, பருப்பு வகைகளைத் தினமும் 130 கிராம் அளவில் உண்டவர்களுக்கு எல்.டி.எல். 100க்கு 5 பங்கு குறைந்திருந்தது. ஒரு சிறு கிண்ணச் சுண்டல்தான் அது. நம் விவசாயியின் தோட்டத்திலேயே தட்டைப்பயறு காய்த்துக் கிடந்தது. அவரோ கடையில் தவிடு வாங்கிக்கொண்டிருந்தார்!

மாத்திரையின் பலன் இதைவிடப் பல மடங்கு. ஆகவே மறுநாளே டாக்டரிடம் போய், மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லும்படி அவரை அனுப்பி வைத்தேன். சுண்டலையும் தொடரச் சொன்னேன்.

கரையும் நாரைப் பொடியாக உண்பவர்கள் நிறைய நீருடன்தான் விழுங்க வேண்டும். அமெரிக்காவில் எடை குறைக்க விற்ற கொத்தவரைப் பிசின் மாத்திரைகள் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டதால், 1990களின் தொடக்கத்தில் அவற்றைத் தடை செய்தார்கள். இசப்கோலுக்கும் மற்ற மருந்துகளுக்கும் இடையே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் வெந்தயத்தை அதிக அளவில் தொடங்கும்முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். கர்ப்பிணிகள் சமையலுக்கு மேல் வெந்தயம் சேர்க்க வேண்டாம்.