கல்லா குறைந்தது, கோடு சரியாக இருந்தது

ஸ்கீமில் எழுதுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வேலையை இன்னொரு ஃபங்ஷனிடம் ஒப்படைத்து, அது நினைக்கும் நேரத்தில் ஓட்டவைப்பது மட்டும்தான் நோக்கமென்றால், ஆர்க்யுமென்ட் இல்லாத ஃபங்ஷனாக, அதாவது தங்க்காகக் கொடுங்கள். அதற்கு மேக்ரோ வேண்டாம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடைக்கு நானும் இன்னொருவரும் சேர்ந்து பில் போடும் புரோகிராம் எழுதினோம். ஸ்கீமை ஓட்டும் கைல் 2.2-இல் ஓடியது. பொருள் பட்டியல், பிரிண்டர், இரவு அறிக்கை எல்லாம் எல்லோரும் செய்கிற வேலைதான். தகராறு ஒரே இடத்தில் வந்தது. பேரேட்டைப் பூட்ட வேண்டும், பில்லைக் கூட்ட வேண்டும், ரூபாய்க்கு மேல் நிற்கும் காசைத் தள்ள வேண்டும், எழுதிவிட்டுப் பூட்டைத் திறக்க வேண்டும். நான் கேட்டது இது:

(பேரேடு-அழை (லாம்டா () (பில்-கூட்டு)))

கூட்டாளி மறுத்தார். இடத்துக்கு இடம் லாம்டா எழுதுவது பார்க்க நன்றாக இல்லை, வேகமும் குறையும் என்றார். முழு வரிசையையும் மேக்ரோவாக்கினார்.

பிறகு கடைக்காரர் காசைத் தள்ள வேண்டாம், அப்படியே பில்லில் வரட்டும் என்றார். மேக்ரோவில் ஒரு வரி மாறியது. இரவு அறிக்கைக் கோப்பிலும் அன்று வேறு ஏதோ திருத்தினோம். சில்லறை பில் கோப்பை யாரும் தொடவில்லை.

அன்றிலிருந்து கல்லாவில் பணம் குறைந்தது. சண்டே மார்க்கெட் கூட்டம் வரும் நாளில் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பையன்மேல் சந்தேகம் விழுந்தது. புரோகிராமின் கோடைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் அவன்மேலிருந்த சந்தேகம் இன்னும் வலுத்தது. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

காரணம் இதுதான். கம்பைல் ஆகும்போதே மேக்ரோ விரிந்து, அழைக்கும் கோப்புக்குள் பதிந்துவிடும். விலைப்பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கவுண்டருக்குக் கவுண்டர் ஒட்டியபின் மூலத்தைத் திருத்தினால் ஜெராக்ஸ் மாறுமா? கைல் தானாகக் கம்பைல் செய்யும்போது அந்தந்தக் கோப்பு மாறியதா என்று மட்டுமே பார்க்கிறது. அது பயன்படுத்தும் மேக்ரோ வேறு கோப்பில் மாறியதா என்று பார்ப்பதில்லை. அறிக்கை புதிய விரிவில் காசையும் சேர்த்துக் கூட்டியது. சில்லறை பில் பழைய விரிவில் காசைத் தள்ளியே வாங்கியது. கேச்சில் கிடந்த பழைய கம்பைல் கோப்புகளை அழித்ததும் கணக்கு நேரானது. பையன்மேல் தவறில்லை என்று கடைக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன்.

நான் கேட்டபடி ஃபங்ஷனாக இருந்திருந்தால் பில் கோப்பில் ஓர் அழைப்பு மட்டுமே இருந்திருக்கும். காசைத் தள்ளும் வரி ஒரே இடத்தில் இருந்திருக்கும். புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டினாலே போதுமாக இருந்திருக்கும்.

வேகம் குறையும் என்ற வாதத்தை ஏற்காதீர்கள். பேரேட்டை டிஸ்க்கில் எழுத ஆகும் நேரத்துக்கு முன்னால் ஒரு லாம்டா அழைப்பு கணக்கிலேயே வராது. லாம்டா அசிங்கம் என்பதும் சரியல்ல. ஸ்டீலும் சஸ்மனும் 1975-இல் ஸ்கீமை உருவாக்கியதே லாம்டாவை நடுவில் வைத்துத்தான். ஸ்கீமிலேயே உள்ள டைனமிக்-விண்ட் மூன்று தங்க்குகளை வாங்குகிறது. முன்னே ஒன்று, நடுவில் ஒன்று, பின்னே ஒன்று. பூட்டித் திறக்கும் நம் வேலையும் அதே வடிவம்தான்.

தங்க் ஒரு மதிப்பு. பிரிண்டர் நின்றால் பில்களைத் தங்க்காகவே லிஸ்டில் போட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாக அழைக்கலாம். சோதிக்கும்போது பொய்யான தங்க் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். மேக்ரோவை ஃபார்-ஈச்சுக்குக் கொடுக்க முடியாது.

மேக்ரோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிய பெயரைக் கட்டவோ, எழுதியதை ஓட்டாமல் வடிவமாகவே பார்க்கவோ வேண்டுமென்றால் அதுதான் வழி. 1998-இன் ஐந்தாம் திருத்த அறிக்கையிலிருந்து சின்டாக்ஸ்-ரூல்ஸ் மொழியின் பகுதியாகவே இருக்கிறது. அழகுக்காக மேக்ரோ வேண்டுமென்றாலும் எழுதுங்கள். ஆனால் அது உள்ளே கொடுத்ததை லாம்டாவில் சுற்றி ஃபங்ஷனை அழைப்பதோடு நிற்கட்டும். கணக்கு ஒன்றும் அதற்குள் போகக் கூடாது.

உங்கள் கடையிலும் கூட்டாளி ஒருவர் மேக்ரோதான் என்று நிற்பார். கேச்சை அழிக்கும் வரியை நிறுவும் ஸ்கிரிப்ட்டில் முதலில் சேருங்கள். பிறகு அவரோடு வாதாடுங்கள்.