புகையிலையும் சட்டமும்

முன்னுரை

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறினால், "புகை பிடிக்காதீர்" என்னும் வாசகம் கண்ணில் படுகிறது. பெட்டிக்கடையில் விற்கும் சிகரெட் பெட்டியிலும் பீடிக்கட்டிலும் நோயுற்ற மனித உறுப்பின் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்தப் படம் அங்கே வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின, அது வராமலிருக்க யார் யார் முயன்றனர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

சிதம்பரத்திலுள்ள என் தாத்தா பல ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டு வாங்கியவுடன் அதைப் பிரித்து, பீடிகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு, மேல் காகிதத்தைக் கிழித்து எறிந்துவிடுவார். "ஏன் தாத்தா?" என்று கேட்டேன். "அந்தப் படத்தைப் பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது பாப்பா" என்றார். எழுத்து செய்யாததைப் படம் செய்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். இதை நான் உணர்வதற்கு நெடுநாள் முன்பே புகையிலை நிறுவனங்கள் உணர்ந்திருந்தன.

'லாபி' என்பது யாது?

'லாபி' என்னும் ஆங்கிலச் சொல் கூடத்தையும் தாழ்வாரத்தையும் குறிக்கும். சட்டமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்து, உறுப்பினர்களைத் தனியே சந்தித்து, சட்டத்தைத் தமக்கு வேண்டியவாறு அமைக்கக் கேட்பது 'லாபி செய்தல்' எனப்படும். குறையை எடுத்துச் சொல்வது எல்லார்க்கும் உள்ள உரிமையே. பணம் படைத்தவர் குரல் மட்டும் உள்ளே கேட்கும்போதுதான் தீமை விளைகிறது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே பல ஊர்கள் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கக் கடுமையான விதிகளை இயற்றின. உடனே சிகரெட் நிறுவனங்கள் மாநிலச் சட்டமன்றங்களை நாடின. மாநிலம் முழுமைக்கும் மென்மையான ஒரே சட்டம் போதும் என்று வாதாடின. இதைவிடக் கடுமையான விதியை எந்த ஊரும் செய்யலாகாது என்னும் பிரிவையும் பல மாநிலங்களின் சட்டங்களில் புகுத்தச் செய்தன. பெயர் புகைத் தடுப்புச் சட்டம். பயன் புகையிலைக்குப் பாதுகாப்பு! 1998-ஆம் ஆண்டு 46 மாநிலங்களுடன் அந்நிறுவனங்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி அவற்றின் உள் ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது இத்தகைய திட்டங்கள் பலவும் வெளிச்சத்திற்கு வந்தன.

நம் நாட்டின் சட்டங்கள்

நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், சிகரெட் பெட்டியின்மீது எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்றது. 2001-இல் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்க ஆணையிட்டது. 2003-இல் நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் அனைத்திற்குமான சட்டத்தை இயற்றியது. 18 வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகையிலை விற்கக் கூடாது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்திற்குள்ளும் விற்கக் கூடாது. எச்சரிக்கைப் படம் வேண்டும் என்பவை அதன் முக்கியப் பிரிவுகள். தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளன்று பொது இடங்களில் புகைத் தடை நாடெங்கும் விரிவாக நடைமுறைக்கு வந்தது.

படம் வந்த கதை

சட்டம் பிறந்துவிட்டால் போதுமா? படம் பற்றிய விதிகள் 2006-இல் வெளியிடப்பட்டன. ஆனால் அவை மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டன, மென்மையாக்கவும் பட்டன. 2009 மே 31 அன்றுதான் படம் வந்தது. அதுவும் பெட்டியின் முன்பக்கத்தில் 40 விழுக்காடு மட்டுமே.

2014 அக்டோபரில், இருபக்கமும் 85 விழுக்காடு அளவுக்கு எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றும், 2015 ஏப்ரல் முதல் நாள் அது தொடங்கும் என்றும் அரசு அறிவித்தது. தேதி நெருங்கியபோது, அதை நிறுத்தி வைக்குமாறு நாடாளுமன்றக் குழு ஒன்று கேட்டுக்கொண்டது. புகையிலையையும் புற்றுநோயையும் தொடர்புபடுத்தும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று குழுவின் தலைவர் திலீப் காந்தி கூறினார். குழுவில் இருந்த ஷியாமா சரண் குப்தா பீடித் தொழில் நடத்தி வந்தவர்! வேலியே பயிரை மேய்ந்தாற்போல் அன்றோ இது? மருத்துவர்களும் செய்தித்தாள்களும் கண்டனக் குரல் எழுப்பினர்.

ஓராண்டு கழிந்தது. 50 விழுக்காடு போதும் என்று அக்குழு 2016 மார்ச்சில் பரிந்துரைத்தது. ஆயினும் ஏப்ரல் முதல் 85 விழுக்காடு நடைமுறைக்கு வந்தது. பெரிய சிகரெட் நிறுவனங்கள் சில நாள் ஆலைகளை மூடின. மே மாதம் 4-ஆம் நாள், விதியைப் பின்பற்றியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தாத்தா கிழித்தெறியும் காகிதத்தின் பின்னால் இத்தனை பெரிய போராட்டம் இருக்கிறது.

பீடி சுற்றும் பெண்கள்

படம் பெரிதானால் ஏழைத் தொழிலாளர் பிழைப்புப் போய்விடும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். திருநெல்வேலி, வேலூர்ப் பகுதிகளில் எண்ணற்ற பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். அவர்கள் பிழைப்பு முக்கியம்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் புகையிலைத் தூளை நாள்தோறும் மூச்சில் வாங்குபவர்களும் அவர்களே; குறைந்த கூலி பெறுபவர்களும் அவர்களே. அவர்கள்மீது உண்மை அக்கறை இருந்தால், கூலியை உயர்த்தவும் வேறு தொழில் கற்பிக்கவும் அன்றோ வாதாட வேண்டும்?

இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் இறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆகவேதான் 2004-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கை, புகையிலை வணிகர்களின் நலன் சுகாதாரக் கொள்கையில் தலையிடாதவாறு அரசுகள் காக்க வேண்டும் என்கிறது.

முடிவுரை

நம் உடல் இறைவன் உறையும் ஆலயம் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். அவ்வாலயத்தைக் காக்கும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. நம் பள்ளியிலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலை விற்றால், பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் சொல்வோம். நாளை நாம் வாக்களிக்கும்போது, நம் பிரதிநிதி தாழ்வாரத்தில் யார் பேச்சைக் கேட்கிறார் என்று கவனிப்போம்.

2018 செப்டம்பர் முதல், படத்துடன் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் அச்சிடப்படுகிறது. புகைப்பதை விட விரும்புவோர்க்கு அதில் ஆலோசனை கிடைக்கும். எழுத்து அறியாவிட்டாலும் தாத்தாவுக்கு எண்கள் தெரியும். சென்ற விடுமுறையில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, அவருடைய தகர டப்பாவின் மூடியில் ஒட்டிவிட்டு வந்தேன். இன்னும் அவர் அழைக்கவில்லை. ஆனால் அதைக் கிழித்து எறியவும் இல்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி