சிதறும் ரவைகள்: ஓர் இயற்பியல் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

துப்பாக்கித் தோட்டாக்கள் இருவகைப்படும். ஒற்றைக் குண்டு உடையது ஒன்று. பல சிறு ஈய ரவைகளை அடைத்தது மற்றொன்று. ரவைத் தோட்டா என்பது நீண்ட குழலுடைய வேட்டைத் துப்பாக்கிக்கே உரியது என்று நாம் எண்ணியிருப்போம். ஆனால் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கும் ரவைத் தோட்டா உண்டு. பாம்பு அடிக்கவென்று கடையில் விற்கிறார்கள். சிலர் வீட்டிலேயே அடைத்தும் கொள்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு வழியில்லை. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றமாகும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்த தண்டனையே ஏழாண்டுச் சிறை.

இருந்தும் இப்பேச்சு நம் ஊருக்கு முற்றிலும் அந்நியமன்று. கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், கருப்பாநதி, சொக்கம்பட்டி, வடகரை, மேக்கரைப் பக்கம் பயிர் செய்வோர் அனைவரும் காட்டுப்பன்றியை அறிவர். இரவில் பன்றி உழுதுவிட்டுப் போன வயலைக் காலையில் பார்த்தவருக்கு, ‘கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்!’ என்ற எண்ணம் வராமல் இராது. நாட்டுத் துப்பாக்கியும், கருமருந்தும், பால்ரஸ் குண்டும் வைத்திருந்தவர்கள் பிடிபட்ட செய்தியும் நாளேடுகளில் வருவதுண்டு. என் வீட்டாரும் பயிர் செய்பவர்களே. அவர்கள் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன். சட்டத்தைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். முதலாம் ஆண்டில் படித்த இயக்கவியலை வைத்துக்கொண்டு, குழலை விட்டுப் புறப்பட்ட ரவை என்ன ஆகிறது என்பதை மட்டும் இங்கே காண்போம்.

முதலில் கைத்துப்பாக்கி. அதன் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் குண்டைப் பம்பரம்போல் சுழற்றி, தலைகுப்புறாமல் நேரே செல்லவைப்பது அப்பள்ளத்தின் வேலை. குண்டுக்கு நன்மை செய்யும் அதே சுழற்சி ரவைகளுக்குத் தீமையாகிறது. குண்டு ஒரே திண்பொருள், ரவைகள் தனித்தனியானவை. குழலுக்குள் இருக்கும் வரை சுவர் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். வாயைத் தாண்டியதும் பிடிப்பு விட்டு, ஒவ்வொன்றும் தன் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் பிய்த்துக்கொண்டு போகும். கவணில் கயிற்றை விட்டதும் கல் பறப்பதை நினைவில் கொள்க.

எவ்வளவு சிதறும்? 9 மில்லிமீட்டர் குழலில் பள்ளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்கு ஒருமுறை சுற்றி வருவது வழக்கம். ஓரத்து ரவை 25 செ.மீ. முன்னேறுவதற்குள் 2π × 0.45 = 2.8 செ.மீ. சுற்றில் நகர்கிறது. விகிதம் 0.11. அதாவது பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். முழுச் சுழற்சியும் கிடைத்த ரவைகள் பத்து மீட்டரில் இரண்டு மீட்டர் அகல வளையமாகப் பரவி, நடுவே குறி வைத்த இடம் காலியாகிவிடும்! இதில் வியப்பு என்னவென்றால், இந்த விகிதத்தில் வேகம் இடம்பெறவே இல்லை. மருந்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கோணம் மாறாது. எனவேதான் அந்நாட்டாரும் அதை இரண்டு மூன்று மீட்டருக்குள் கிடக்கும் பாம்புக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள்.

நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது, சுழற்சி இல்லை. ஆனால் காற்றின் தடை யாரையும் விடுவதில்லை. 2 மி.மீ. விட்டமுள்ள ஈய ரவையின் எடை சுமார் 48 மில்லிகிராம். அது நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், அதன் மீது காற்று தரும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 180 மடங்கு. 35 மீட்டரில் வேகம் பாதியாகும். இயக்க ஆற்றல் காலாகும். ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்பினுடையது 7.87. ஆதலால் அதே அளவு இரும்பு ரவைக்கு 24 மீட்டரிலேயே வேகம் பாதியாகிவிடும்.

புறப்படும்போதே அந்த ஈய ரவையின் ஆற்றல் 2 ஜூல்தான். தெருவில் சிறுவன் மெல்லத் தூக்கிப்போடும் கிரிக்கெட் பந்துக்கும் அவ்வளவு ஆற்றல் உண்டு. சிறு புள்ளியில் பாய்வதால் தோலைத் துளைக்கும். ஆனால் தடித்த தோலும் கொழுப்பும் உள்ள பன்றியை அது வீழ்த்தாது. காயப்படுத்தி அனுப்பும். காயம்பட்ட பன்றி புதருக்குள் கிடந்து நாட்கணக்கில் சாகும். அல்லது விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்மேல் பாயும். சரி, விட்டத்தை இரட்டிப்பாக்கினால்? ஒரு ரவையின் எடை எட்டு மடங்காகும். அதே மொத்த எடைக்கு எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும். குறி தப்புவது எளிதாகும். தப்பிய குண்டு அடுத்த வயல் வரை உயிர் கொல்லும் வேகத்தோடு போகும். அடுத்த வயலிலும் காவலுக்கு ஆள் படுத்திருப்பார் அல்லவா?

மருந்தைப் பற்றி ஒன்றே சொல்கிறேன். அடைபட்ட இடத்தில் மருந்து எரியும் வேகம் அழுத்தத்தோடு கூடும்; வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும். ஒன்றையொன்று துரத்தும் இந்த ஓட்டத்தைத் தொழிற்சாலைகள் கருவி வைத்து அளந்து கட்டுப்படுத்துகின்றன. வீட்டுத் திண்ணையில் அக்கருவி இல்லை. குழல் வெடித்து விரல்களையும் கண்ணையும் இழப்பவர் சுட்டவரே.

இனி ஈயம். ரவை செய்யும் முறை நமது பரப்பு இழுவிசைப் பாடத்திற்கு அழகான எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்ற குழாய்த் தொழிலாளி 1782இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உருகிய ஈயத்தை உயரமான கோபுரத்திலிருந்து சல்லடை வழியே விழவிட்டால், துளிகள் விழும்போதே உருண்டையாகி இறுகி, கீழே உள்ள தண்ணீரில் சேரும். 45 மீட்டர் விழ மூன்று நொடி. அதற்குள் இயற்கையே உருட்டித் தந்துவிடுகிறது!

ஆனால் அந்த உருண்டை வயலிலும் குளத்திலும் விழுந்தபின் மறைவதில்லை. செரிமானத்துக்காகச் சிறு கற்களை விழுங்கும் பறவைகள் ரவையையும் கல்லென்று விழுங்குகின்றன. இரைப்பையில் அது அரைபட்டு அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1991இல் முற்றிலும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் தடை. ஈயத்தை வீட்டில் உருக்குவது அதனினும் கொடிது. இரத்தத்தில் தீங்கற்ற ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளையே.

அப்படியானால் பன்றிக்கு என்ன வழி? 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டிய வயல்கள் முதல் கிலோமீட்டருக்குள் வருகின்றன. அவ்வயல்காரருக்கு எஞ்சுவன வேலியும், இரவுக் காவலும், இழப்பீட்டு மனுவுமே.