மீன் தொட்டி: முதல்ல எடையைக் கணக்குப் போடுங்க

4 அடி மீன் தொட்டி வாங்கப் போறீங்களா? மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் எடையைப் பாருங்க.

120 × 45 × 45 செ.மீ. தொட்டி விளிம்பு வரை 243 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 243 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சுமார் 50 கிலோ. மணல், கல் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிடும்.

அத்தனையும் உட்காரும் இடம் 0.54 சதுர மீட்டர்தான். அதாவது சதுர மீட்டருக்கு 550 கிலோவுக்கு மேல். வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 சொல்லும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ. அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. அதனால உடனே பயப்பட வேண்டாம். ஆனா ஸ்லாபின் நடுவில் வைக்காதீங்க, பீம் ஓரமா வைங்க. பால்கனி வேண்டவே வேண்டாம். பழைய மாடி வீடுன்னா இன்ஜினியரைக் கேளுங்க.

ஸ்டாண்டு? நேராக அழுத்தும் எடையை நல்ல இரும்புக் கால்கள் தாங்கிடும். பக்கவாட்டில் யாராவது இடிச்சால்தான் ஆபத்து: செவ்வகச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது. அதனால பின்பக்கம் குறுக்குக் கம்பி வெல்ட் பண்ணச் சொல்லுங்க.

ஒரு மூலை மேடாக இருந்தாலே அடிக்கண்ணாடி விரிசல் விடலாம். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போட்டு, பாதி நிரப்பி, ரசமட்டம் வெச்சுப் பாருங்க. சரியா இருந்தா மட்டும் மீதியை ஊத்துங்க.