கேஸ் தீர்வதில்லை, கசிகிறது
சுருளிப்பட்டியில் கார் ஏசி வேலைக்குக் கடை போட்டிருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ தனியாகக் கடை போட்டிருப்பதைக் கேட்டு மனம் நிறைந்தது. சுருளி அருவிக்கு வரும் குடும்பங்கள், திராட்சை வியாபாரிகள், கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலை போகும் வேன்கள் என்று உனக்கு வேலைக்குப் பஞ்சமிருக்காது. வேலை குவியும்போதுதான் குறுக்குவழி கண்ணில் படும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

"கேஸ் தீந்துபோச்சு, அடிச்சு விடுங்க" என்றுதான் வண்டிக்காரர்கள் வருவார்கள். பெட்ரோல் மாதிரி ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. போன கோடையில் அடித்தது இந்தக் கோடையில் இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் நம் தொழில். கேஸ் அடிப்பது அதன் கடைசிப் படி.

முதலில் அது லீக்தானா என்று பார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது மட்டும் கூலிங் குறைகிறது என்றால் அவசரப்படாதே. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், பல வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரே கம்ப்ரசரைச் சிறிது நேரம் நிறுத்திவிடும். கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா, கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

அடுத்து கேஜ். வண்டி நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்லிவிடாதே. சமையல் சிலிண்டர் பாதி காலியானாலும் உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் குறையாது. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கார் ஏசியில் சுற்றும் ஆர்-134ஏ கேஸும் அப்படித்தான். 30 டிகிரி வெப்பத்தில், நின்ற வண்டியில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே முழு அளவு இருந்தாலும் பாதி இருந்தாலும் அதே எண்தான். அதனால் கேஸை எப்போதும் எடை போட்டே ஏற்று. எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

லீக் தேடும்போது கருவிக்கு முன்னால் கண்ணை நம்பு. கேஸோடு ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பிறகு கேஸ் ஏற்றும் வால்வின் மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார். சில ரூபாய் வால்வுக்காகக் கம்ப்ரசரையே மாற்றச் சொன்ன கதைகள் நம் தொழிலில் உண்டு. டிடெக்டர் வைத்தால் ஜாயின்ட்டுக்கு அடிப்பக்கமாக மெதுவாக நகர்த்து. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் இறங்கும்.

நம் ஊரில் கண்டன்சரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அதை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாதென்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். செம்பு உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். கண்டன்சர் முழுக்க அலுமினியம். தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிக்காரர்களிடம் மருந்தடிக்கும் நாட்களில் வண்டியைத் தள்ளி நிறுத்தவும், முன்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவவும் சொல்.

கூலிங் காயில் மேல் சந்தேகம் வந்ததும் டேஷ்போர்டைப் பிரிக்காதே. வண்டியையும் புளோயரையும் நிறுத்தி, சிறிது நேரம் பொறுத்து, தண்ணீர் வடியும் குழாய் வாயில் டிடெக்டரைக் காட்டு. கத்தினால், குழாயில் வேறு ஏதும் படிந்திருக்கிறதா என்று துடைத்து இன்னொரு முறை பார்த்து உறுதி செய்த பிறகே பிரி.

உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் போட்டு, அது இறங்காமல் நின்றால் லீக் இல்லை என்று நினைப்பவர்கள் பலர். வேக்கத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது சுமார் 15 பிஎஸ்ஐ மட்டுமே. வண்டி ஓடும்போது ஹைசைடில் 200 பிஎஸ்ஐக்கு மேலும் போகும். ஆகவே ரெகுலேட்டர் போட்டு, அந்தப் பாகம் தாங்கும் அளவுக்குள் உலர் நைட்ரஜன் ஏற்றிப் பார். ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றாதே. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம். அதோடு ஈரம் போகும். ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரித்து அடுத்த ஓட்டையைப் போடும். அதனால்தான் சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரை மாற்றி, அரை மணி நேரமாவது வேக்கம் போட வேண்டும். ஓ-ரிங்கும் ஏசிக்கென்று வருவதையே போடு. அளவு பொருந்துகிறதென்று பம்புசெட் ஓ-ரிங்கை எடுத்துப் போடாதே.

கசியும் கேஸால் வரும் நட்டம் வண்டிக்காரரின் பணத்தோடு நிற்பதில்லை. நூறாண்டுக் கணக்கில் ஆர்-134ஏ கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் 715 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 300 லிட்டர் பெட்ரோல் எரித்தது போல. 2016இல் கிகாலியில் உலக நாடுகள் இத்தகைய கேஸ்களைக் குறைக்க உடன்பட்டன. 2021இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதிசெய்தது. 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மழையையும் வெயிலையும் நம்பித் திராட்சை வளர்க்கும் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு, பழைய கேஸைக் காற்றில் திறந்துவிட நமக்கு மனம் வரக் கூடாது. கையில் காசு சேர்ந்ததும் ரெக்கவரி மெஷின் வாங்கு.

டாப்-அப் மட்டும் போதும் என்று அவசரப்படுத்துபவரிடம் ஓட்டையைக் கண்ணால் காட்டு. சோப்பு நுரை பொங்குவதைப் பார்த்தவர் அதிகம் வாதாடமாட்டார். வேலை முடிந்ததும் எங்கே லீக், எதை மாற்றினாய், எத்தனை கிராம் ஏற்றினாய் என்று பில்லில் எழுதிக் கொடு, உன்னிடமும் ஒரு பிரதி வை. அடுத்த வருடம் அதே வண்டி வந்தால் உன் வேலை நின்றதா இல்லையா என்று அந்தக் காகிதம் சொல்லும். வருடாவருடம் கேஸுக்கு வரும் வாடிக்கையாளர் குறைந்தால் கவலைப்படாதே. ஒரே தடவையில் சரியானவர் தன் ஊரிலிருந்து பத்துப் பேரை அனுப்புவார்.

அன்புடன்,
கம்பத்திலிருந்து உன் அண்ணன்