இரண்டு கிடார், ஒரே தாளம்



"இந்த மாசம் சுவர் இதழுக்கு நீ ஒரு பாடக் கட்டுரை எழுது. உனக்குத் தெரிஞ்ச ஒன்றை மற்றவங்களுக்குக் கத்துக்கொடுக்கிற மாதிரி இருக்கணும்" என்று தமிழ் அம்மா சொன்னாங்க. எனக்குத் தெரிந்தது கொஞ்சம் கிடார்தான். அதையும் நான் தனியாகக் கற்கவில்லை, என் தோழியோடு சேர்ந்துதான் கற்றேன். அதனால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கார். மாதா கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொடுப்பார். எங்களுக்குச் சொந்தமாகக் கிடார் கிடையாது. அண்ணனுடையது ஒன்று, அவர் நண்பர் கொடுத்து வைத்திருப்பது ஒன்று.

கிடாரைத் தெரிந்துகொள்வோம்

கிடாரில் 6 கம்பிகள். மேலே தடித்த கம்பி, அதுதான் ஆறாவது. கீழே மெல்லிய கம்பி, அது முதலாவது. தடித்ததிலிருந்து வரிசையாக இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்க்கணும். வீணையில் மெட்டு என்று சொல்வார்களே, கிடாரில் அதற்கு ஃப்ரெட் என்று பெயர். இடது கை விரல் ஃப்ரெட்டை ஒட்டிக் கம்பியை அழுத்தும். முதல் மாசம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும். பயப்படாதீங்க.

இரண்டு பேர் வாசிக்கும்போது முதல் வேலை இரண்டு கிடாரையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது. ஐந்தாவது கம்பி ஒரு வினாடிக்கு 110 முறை அதிரணும். என் கிடார் 110, தோழியின் கிடார் 112 என்று இருந்தால், சேர்ந்து மீட்டும்போது ஓசை வினாடிக்கு 2 முறை ஏறி இறங்கும். "வாவ் வாவ்" என்று கேட்கும். இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். முறுக்காணியை மெதுவாகத் திருப்பினால் விம்மல் குறைந்து குறைந்து நின்றுவிடும். அப்போது சுருதி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நம்ம ஊருக்கு என்று ஒரு கவனமும் உண்டு. கடற்கரைச் சாலையிலிருந்து வருவது உப்புக்காற்று. கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைக்கணும்.

மீட்டும் முறை இரண்டு

ஒன்று, விரலால் மீட்டுவது. கட்டைவிரலுக்கு மேலே உள்ள 6, 5, 4 ஆகிய மூன்று கம்பிகள். ஆள்காட்டி விரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. சுண்டு விரலுக்கு வேலை இல்லை. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதன் தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பியாக உருண்டு வருகிற கிடார் ஓசையைக் கவனித்துக் கேளுங்கள். இசை இளையராஜா, கிடார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர்.

இரண்டு, பிக்கால் மீட்டுவது. பிக் என்பது சிறிய முக்கோணத் தகடு. எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதனால் பழைய பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஓரத்தைத் தரையில் தேய்த்து இன்னொன்று செய்துகொண்டோம். பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடிக்கணும். நுனி மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தால் போதும். முழங்கை ஆடக்கூடாது, மணிக்கட்டுதான் அசையணும்.

ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே என்று மாற்றி மாற்றி மீட்டணும். இதற்கு அண்ணன் ஒரு சுலபமான வழி சொன்னார். வாயால் "தகதிமி" சொல்லு. த கீழே, க மேலே, தி கீழே, மி மேலே. எத்தனை தடவை சொன்னாலும் "த" கீழேதான் வரும். ஆனால் "தகிட" சொல்லிப் பாருங்கள். த கீழே, கி மேலே, ட கீழே. அடுத்த "த" மேலே போய்விடும்! எனக்குக் கை குழம்புவதே அங்கேதான். "மேலே போகிற அடியும் கீழே வருகிற அடி மாதிரியே கேட்கணும். கண்ணை மூடிக் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது" என்பார் அண்ணன்.

இருவர் வாசிப்பு

இரண்டு கிடார் சேர்ந்து வாசிப்பதை டூயட் என்கிறோம். ஒருவர் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிப்பார். மற்றவர் தடித்த கம்பிகளில் தாளத்துக்கு அடித்தளம் போடுவார். வீட்டுக்குச் சுவர் மாதிரி ஒன்று, அஸ்திவாரம் மாதிரி ஒன்று.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த ஃபெர்னாந்தோ சோர், ஃபெர்டினாண்டோ கருல்லி என்ற இரண்டு கிடார் மேதைகளும் மாணவர்களுக்காகவே டூயட்டுகள் எழுதினார்கள். சோர் எழுதிய ஒன்றில் ஒரு பாகம் மாணவருக்கு, மற்றொன்று ஆசிரியருக்கு! பிறகு 1950களில் இடா ப்ரெஸ்தி, அலெக்ஸாந்தர் லகோயா என்ற தம்பதியர் பிரான்சிலிருந்து உலகம் முழுவதும் போய் இரண்டு கிடாரில் வாசித்தார்கள். 1967இல் ப்ரெஸ்தி இறக்கும் வரை அந்த ஜோடி பிரியவில்லை.

நம்ம பக்கத்திலும் உண்டு. மாண்டலினும் பிக்கால் மீட்டுகிற கருவிதான். அதில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியவர் யு.ஸ்ரீநிவாஸ் (1969–2014). 8 கம்பி மாண்டலினை 5 கம்பியாக மாற்றிக்கொண்டார். தம்பி யு.ராஜேஷுக்குத் தானே கற்றுக்கொடுத்து, இருவரும் ஒரே மேடையில் ஜோடியாக வாசித்தார்கள்.

நான் செய்த தப்பு

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

குழந்தைகள் தின விழாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் வாசிப்பதாக இருந்தது. நான் மெட்டு, அவள் அடித்தளம். ஒவ்வொரு தடவையும் நான் முடித்த பிறகுதான் அவள் முடித்தாள். ஒருநாள் திண்ணையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் நிற்கும்போது, "உனக்குத் தாளமே வராது, உன்னால்தான் கெடுது" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கிடாரைத் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தார். "டிக்குக்கு ஒரு ஸ்வரம். சரளி வரிசையில் முதல் வரிசை. ஏற 8, இறங்க 8. ரெண்டு தடவை வாசிச்சா 32 ஸ்வரம், 32 வினாடி" என்றார். நாலு டிக் கேட்டதும் கடிகாரத்தை உள்ளே எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடித்தேன்.

"26 வினாடி" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரலை. மறுபடியும் வாசித்தேன். 27. "அவ போன மாசம் இதே மாதிரி வாசிச்சா. 33" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் பின்தங்கவில்லை. நான்தான் ஓடியிருக்கிறேன். எங்கே ஓடினேன் என்றும் கண்டுபிடித்தோம். கஷ்டமான இடத்தில் இல்லை, நன்றாகத் தெரிந்த சுலபமான இடத்தில்தான் கை தானாக ஓடியிருக்கிறது.

அன்று சாயங்காலமே முத்தியால்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா, "உள்ளே வா, பாப்பா" என்றாங்க. இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "26 வினாடியில் முடிச்சுட்டேன்டி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீ எங்கே கேட்டே?" என்றாள்.

அடுத்த ஞாயிறு வந்தாள். இந்த முறை மெட்டு அவளுக்கு, அடித்தளம் எனக்கு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அடித்தளம் வாசித்தபோதுதான் மற்றவர் வாசிப்பு என் காதில் விழுந்தது. அதுவரை என் கிடாரை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

விழாவில் நடுவில் எனக்கு அந்தத் "தகிட" இடத்தில் கை குழம்பி நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அதே வரியை இன்னொரு தடவை வாசித்தபடி என்னைப் பார்த்தாள். முதல் தட்டில் நான் சேர்ந்துகொண்டேன். பார்த்தவர்களுக்கு அது பாட்டில் உள்ளதுதான் என்று தோன்றியிருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. கிடாரைத் தொடும் முன் இருவரும் கைதட்டித் தாளம் சேருங்கள்.
2. டிக்குக்கு ஒரு ஸ்வரம் என்று தொடங்குங்கள். பிழையில்லாமல் மூன்று தடவை வந்த பிறகே வேகம் கூட்டுங்கள்.
3. வாரம் ஒருமுறை பாகத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.
4. ஒருவர் தவறினால் மற்றவர் நிறுத்தாதீர்கள். தாளத்தின் முதல் தட்டில் மறுபடி சந்தியுங்கள்.
5. "யார் தப்பு?" என்று கேட்கும் முன் கடிகாரத்தைக் கேளுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

ஜூன் 21 இசைத் திருவிழா நாள். 1982இல் பிரான்சில் தொடங்கியது. அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் வந்து வாசிக்கலாம். நம் புதுச்சேரியிலும் இதைக் கொண்டாடுகிறார்கள்.

முடிவுரை

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். இரண்டு கை தட்டினாலும், ஒரு கை முன்னாடியே போய்விட்டால் ஓசை வராது. நான் அந்த வார்த்தையை எல்லார் முன்னாலும் சொன்னேன். அதனால் எல்லாரும் படிக்கிற இந்தச் சுவரிலேயே எழுதுகிறேன்: தாளம் தப்பியது நான்தான். என் தோழிக்குத் தாளம் நன்றாக வரும்.

கிடார் கற்க ஆசை உள்ளவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். தகதிமி சொல்லிக்கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் இருப்போம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி